உறையாத கொழுப்பு

எம்.கே.பி. நகரைச் சேர்ந்த எழில்மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு. திருவொற்றியூரிலுள்ள கல்லூரி ஆய்வகத்திற்குள் நுழைந்தவுடன், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல், பூஞ்சை வளர்க்கும் வெப்பப்பெட்டியின் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருந்தால்தான் துப்பட்டாவை முடிந்துகொண்டு வேலையில் இறங்குவாள்.

பெட்டிக்குள் ஐம்பது டிகிரிச் சூட்டில் வளர்ந்தது, கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் கொதிக்கும் அடிவயிற்றிலிருந்து அவள் எடுத்துவந்த பூஞ்சை. மிதமான சூட்டில் வாழும் பூஞ்சைகளின் கொழுப்பு, கடலையெண்ணெய்போல் இளகியது. வெப்பத்தை விரும்பும் பூஞ்சையின் கொழுப்போ நெய்போல் இறுகியது. அத்தனை சூட்டிலும் உயிரணுவின் சவ்வு இளகிக் குலையாதிருக்க அந்த இறுக்கம் வேண்டும். இவ்வேறுபாட்டை மும்முறை அளந்து காட்டினால் அவளுக்கு முனைவர் பட்டம். ஒருமுறை அளந்தாயிற்று. ஆய்வுக்கான பதிவுக்காலமோ இம்மாதத்தோடு முடிகிறது.

அதற்குள் புயல் வந்தது. மின்சாரம் போயிற்று, சாலையெங்கும் வெள்ளம் நின்றமையால் அவளால் வர இயலவில்லை. வந்து தொட்டபோது கதவு சில்லிட்டிருந்தது. ஆயினும் தட்டுகளில் பூஞ்சை செழித்திருந்தது. பிழைத்துக்கொண்டது என்று மகிழ்ந்து, மின்சாரம் வந்ததும் அதன் கொழுப்பைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயிலிட்டுப் பனிக்கட்டி நீரில் நிறுத்தினாள்.

கொழுப்பு உறையவில்லை. சாய்த்தால் எண்ணெய்போல் ஓடிற்று. சூடு தணிந்த நாள்களில் வேறொரு பூஞ்சை புகுந்து, அவளுடையதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டது. எல்லாத் தட்டுகளையும் மீண்டும் ஐம்பது டிகிரியில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் முளைக்கவில்லை. குப்பைமேட்டுக்கு ஓடினாள், அவள் தோண்டிய பக்கத்தை இயந்திரங்கள் வாரிக்கொண்டு போயிருந்தன.

அடுத்த மேசையில் ஆய்வு செய்பவள் ராயபுரத்து ஷெர்லின்.

“இன்னாடி, அந்தக் குழாயவே மொறச்சிகினு கீற? ஒனக்குப் பாத்த மாப்ளயா அது?”

“போயிடுச்சு ஷெர்லி. தேடாத எடமில்ல.”

“போவட்டும் வுடு. மொதல்ல அளந்த நம்பரு கீதுல்ல? அங்க கொஞ்சம் ஏத்து, இங்க கொஞ்சம் எறக்கு, மூணு தபான்னு போட்டுடு. பூஞ்சக் கொழுப்ப எவன் வந்து தொட்டுப் பாக்கப் போறான்?”

எழில்மொழி சிரிக்க முயன்றாள், வரவில்லை. ஷெர்லின் சொன்னபடியே கணினியில் எண்களைத் தட்டினாள். அட்டவணை நிறைந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. குழாயை எடுத்து மறுபடி சாய்த்தாள். ஓடிற்று.

எண்களை அழித்தாள்.

“பட்டம் போயிடும்டி” என்றாள் ஷெர்லின்.

“தெரியும். ஒரு தபாதான் அளந்தேன்னு எழுதிக் குடுக்கப் போறேன்.”