சாதா பஸ்ஸுக்கு மட்டும்

என் கணவர் சம்பத்குமார் கூட்டுறவு வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனுக்குக் குறைவில்லை. ஆனாலும் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார். மூத்த குடிமக்களுக்குத் தரும் இலவச பஸ் டோக்கனுக்குச் சென்னை முகவரி வேண்டுமென்று, மாம்பலத்துத் தம்பி வீட்டு ரேஷன் அட்டையில் பேரை ஏற்றிக்கொண்ட மகா யோக்கியர். மாதம் பத்து டோக்கன். மாதம் முடிந்தால் செல்லாது. அதனால் கடைசி வாரத்தில் வேலையே இல்லாவிட்டாலும் தாம்பரம் வரை போய், ஒரு காபிகூடக் குடிக்காமல் திரும்பி வருவார்.

அன்று முப்பதாம் தேதி. எங்கள் ஒரே பெண் வசுதா, ஒரகடத்துக் கம்பெனி அனுப்ப, இரண்டு வருஷப் பயிற்சிக்குக் கொரியா கிளம்புகிறாள். கம்பெனி வேனில் நேராக விமான நிலையம் போய்விடுவதாகவும், ஐந்து மணிவரைதான் வாசலில் நிற்க முடியும் என்றும் சொல்லியிருந்தாள். எங்களை டாக்ஸியில் வரச்சொன்னாள். இவரிடம் நாலு டோக்கன் மிச்சம். தாம்பரத்தில் பஸ் மாறிப் போக இரண்டு, வர இரண்டு. அப்புறம் டாக்ஸி எதற்கு?

இரண்டு மணிக்கே எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டுக்குப் போய்விட்டோம். டீலக்ஸ் பஸ் ஒன்று வந்தது. ஏறி உட்கார்ந்தோம். இவர் கண்டக்டரிடம் டோக்கனை நீட்டினார்.

"பெர்சு, இது டீலக்ஸு. இதெல்லாம் சாதா வண்டிக்குத்தான். டிக்கெட் எடு, இல்லாங்காட்டி எறங்கிக்கோ."

இவர் இறங்கினார். எனக்கும் கண்ணால் ஜாடை காட்டினார். நானும் இறங்கினேன். சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாதே, உனக்குக் கசக்கிறதா என்று வேறு கேட்டார். அடுத்து வந்ததும் டீலக்ஸ். அதற்கடுத்தது ஏசி. அதை இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சாதா பஸ் வரும்போது மணி மூன்றேகால். ஒரகடத்தில் ஷிப்ட் விட்டிருந்தார்கள். கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஜன்னலோர சீட் கிடைத்த திருப்தியில் இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

தாம்பரத்தில் பஸ் மாறி விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். வசுதா உள்ளே போய்விட்டிருந்தாள். இவர் வாசல் காவலரிடம் சீனியர் சிட்டிசன் அட்டையை நீட்டி, உள்ளே விட ஏதாவது சலுகை உண்டா என்று விசாரித்தார். அந்த ஆள் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எனக்கு மானம் போயிற்று.

வசுதா போன் செய்தாள். அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். முப்பத்திரண்டு வருஷமாக இந்த அல்பத்தோடு குடித்தனம் நடத்துவதைச் சொன்னேன். போகிற பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்க விடாத பாவி என்றேன். இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் ஓய்ந்த பிறகு வசுதா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா இறங்கினா இறங்கட்டும். நீ ஏம்மா இறங்கினே?"

இறங்கும்போது என் பர்ஸில் ஐந்நூறு ரூபாய் இருந்தது.