ஜெயித்தால் இன்னும் மூன்று வேளை

விடுதியின் இரண்டாவது மாடியில் புகை மணி அலறியது.

குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நெட்டைப் பெண் கொக்கு, வாயில் நுரையோடு ஓடிவந்தாள். அறை முழுக்கப் புகை. கட்டிலில் நான்கு பேர் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் அத்தையின் இஸ்திரிப் பெட்டி. அதற்கு அடியில் இரண்டு துண்டு ரொட்டி கரியாகிக்கொண்டிருந்தது.

"ஜன்னலத் தொறடி! ஆன்னு பாத்துக்கிட்டு நிக்கிறியே, ஜன்னலத் தொற!"

வராந்தாவிலிருந்து பாய்ந்து வந்தாள் அத்தை. ஒரு கையில் போன். மறு கையால் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். போனுக்குள் ஓர் ஆண் குரல், "அக்கா, என்ன சத்தம்? லைன்ல இருக்கீங்களா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்தான் வெளிய போனேன். அதுக்குள்ள இப்படி!"

"ரொட்டிய டோஸ்ட் பண்றேன்னு சொல்லிட்டு தகனம் பண்ணிட்டீங்களே அத்தை" என்றாள் ரேடியோ. அணியில் வாயை மூடத் தெரியாத பெண் அவள். பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை.

அத்தை என்றால் கொக்குவுக்குத்தான் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள். ஆனால் வாலிபால் அணியின் பன்னிரண்டு பெண்களுக்கும் அவள் அத்தைதான். சொந்தமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக அணியின் சட்டைகளைக் காசு வாங்காமல் துவைத்து, தேய்த்து, எண் தெரிகிற மாதிரி மடித்துக் கொடுக்கிறாள். இந்த முறை அணியோடு வரவேண்டிய மேனேஜர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, "நீங்களே போயிட்டு வாங்களேன்" என்று கிளப் செயலாளர் அவள் தலையில் கட்டிவிட்டார்.

கூடவே இரண்டு நாள் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தார். இரண்டே நாள். ஏனென்றால் இந்த அணி எந்த வருடமும் இரண்டாவது நாளைத் தாண்டியதில்லை. அறை வாடகையைப் போட்டி நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தோற்கிற வரைக்கும் தங்கலாம். சாப்பாடு மட்டும் அவரவர் பாடு.

இன்று மூன்றாவது நாள். பதினொரு மணிக்கு அரையிறுதி.

இந்த நிலைமை வரும் என்று தெரிந்தோ என்னவோ, வந்து இறங்கிய நேரத்திலிருந்தே அத்தை கையை இறுக்க ஆரம்பித்துவிட்டாள். அறையில் தேநீர் போட வைத்திருந்த மின்சாரக் கெட்டிலில் ஒரு தடவைக்கு ஏழு முட்டை அவிந்தது. வாழைப்பழத்தைக் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்து, தோல் கறுத்ததாகப் பொறுக்கிச் சீப்புச் சீப்பாக வாங்கினாள். ரொட்டிக்கு இஸ்திரிப் பெட்டி. அலுமினியத் தாளில் சுற்றி, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. பட்டுக்கு வைக்கிற சூடு போதும், பருத்திச் சூடு வைத்தால் தீய்ந்துவிடும் என்று கணக்கு வைத்திருந்தாள். இன்று பருத்தியில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறாள்.

மணி அடங்குவதற்குள் விடுதி மேலாளர் வந்து நின்றார். காலை ஆறரை மணிக்கே கழுத்தில் டை.

"ரூம்ல சமைக்கக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கோமே, படிக்கலையா?"

"யாரு சமைச்சா? தேய்ச்சேன்."

"ரொட்டியையா?"

"சுருக்கமா இருந்துச்சு."

ரேடியோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மேலாளர் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்தார், கெட்டிலைத் திறந்து பார்த்தார். உள்ளே ஏழு முட்டை.

"கெட்டிலை எடுத்துட்டுப் போறேன். மணி அடிச்சா அபராதம் உண்டு. மத்தியானத்துக்குள்ள கட்டிடுங்க."

அவர் சொன்ன தொகை, அணி மொத்தத்துக்கும் ஒரு நாள் சாப்பாடு. கொக்கு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை மேலாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த தலையணை உறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு தேய்க்கிறா உங்களுக்கு?"

"ஏன்?"

"மாடு மேஞ்ச மாதிரி இருக்கு. ஓரத்துல மடிப்பு ரெட்டையா விழுந்திருக்கு பாருங்க. இதையா வாடகைக்கு வர்றவங்க தலைக்குக் குடுக்கறீங்க?"

மேலாளர் கொஞ்சம் அசந்துதான் போனார். "தேய்க்கிற ஆள் நாலு நாளா வரல" என்றார், குரல் ஒரு படி இறங்கி.

"அபராதத்துல பாதிய விடுங்க. உங்க துணியெல்லாம் நான் தேய்ச்சுத் தரேன்."

"பாதியெல்லாம் முடியாது. மொதல்ல வேலையப் பாக்கறேன். அப்பறம் பேசலாம்."

அவர் கெட்டிலோடும் முட்டைகளோடும் போனார். அத்தை பின்னாலேயே ஓடி, முட்டைகளை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தாள். "கெட்டில் அவனோடது. முட்ட நம்மளது."

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அத்தை அதை மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முட்டை உரிக்க உட்கார்ந்தாள். செயலாளரின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நான் என்ன சொல்றேன்னா அக்கா, கிளப்புல இப்ப சல்லிக் காசு இல்ல."

"அத நேத்தே சொன்னீங்க. இன்னிக்கு ஜெயிச்சா நாளைக்கு ஃபைனல். பிள்ளைங்க காத்தக் குடிச்சிட்டு ஆடுவாங்களா?"

"ஜெயிச்சாத்தானே?"

"ஜெயிப்பாங்க."

"அக்கா, செமி ஃபைனல் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம். இதுக்கு மேல எதுக்கு?"

அத்தை முட்டை ஓட்டைப் பிய்த்த வேகத்தில் வெள்ளைக் கருவும் சேர்ந்து வந்துவிட்டது. போனை அணைத்தாள்.

கரிந்த ரொட்டியை அத்தை கரண்டியால் சுரண்டித் தானே தின்றாள். "கரி பல்லுக்கு நல்லது. நீங்க முட்டையும் பழமும் தின்னுட்டுக் கெளம்புங்க. கோச் கீழ நிக்கிறாரு. நான் இவன் துணிய முடிச்சிட்டு வந்துடறேன்."

கொக்கு கிளம்பினாள். படியிறங்கும்போதும் தெருவில் நடக்கும்போதும் செயலாளரின் குரல் காதிலேயே இருந்தது. இதுக்கு மேல எதுக்கு?

அவளிடம் பதில் இருந்தது. அவளுக்குப் பத்தொன்பது முடியப்போகிறது; அடுத்த வருடம் இந்தப் பிரிவில் ஆட முடியாது. ஏழு வருடமாக ஆடுகிறாள், இறுதி ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறாள். இன்று ஜெயித்தால் முதல் தடவை, அதுவே கடைசித் தடவையும்.

ஆனால் ஜெயித்தால் இன்னும் மூன்று வேளை. பன்னிரண்டு பேர், கோச், அத்தை. அதற்குமேல் அபராதம். முழுசாகவோ பாதியாகவோ. நடக்க நடக்க அவள் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எப்படிப் பார்த்தாலும் அத்தையின் கைப்பையில் எதுவும் மிஞ்சவில்லை.

"என்ன கேப்டன், உதடு அசையுது? மந்திரமா?" என்றாள் ரேடியோ.

"வாயை மூடிட்டு நட."

விளையாட்டரங்கின் வாசலில் எதிரணியின் சாப்பாட்டு வண்டி நின்றது. பொட்டலங்களை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சூடான சோற்றின் வாசனை ஆடுகளம் வரைக்கும் வந்தது. அந்த அணிப் பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் கொக்குவை என்னவோ செய்தது.

அணி பெஞ்சின் ஓரத்தில், மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது.

முதல் செட்டை ஜெயித்துவிட்டார்கள். பந்து வந்தது, கை எடுத்துக் கொடுத்தது, ரேடியோ அடித்தாள். யோசிக்க நேரமே இருக்கவில்லை. கொக்கு தூக்கிப் போடுகிறவள். அவள் விரல் நுனியிலிருந்து பந்து எந்த உயரத்தில் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் மற்றவர்கள் அடிக்க முடியும். செட் முடிந்து எல்லோரும் கட்டிப்பிடித்துக் கத்தியபோது அவள் வாசலைப் பார்த்தாள். அத்தையைக் காணோம்.

இன்னும் ஒரு செட். அதை எடுத்தால் முடிந்தது. நாளைக்கு அத்தை என்ன செய்வாள்? யாரிடம் போய் நிற்பாள்? இருக்கிற ஒரு இஸ்திரிப் பெட்டியை எங்கே அடகு வைப்பாள்?

இரண்டாவது செட்டில் பந்து ஒரு சாண் தள்ளிப் போக ஆரம்பித்தது. ரேடியோ குதித்தாள், கைக்கு எட்டவில்லை. அடுத்தது வலைக்கு மிக அருகே. அதற்கடுத்தது மிக உயரம். தெரிந்து போட்டாளா, தெரியாமல் போட்டாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. உள்ளங்கையைத் தொடையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கேப்டன்! எங்க பாத்துக்கிட்டு ஆடறே?" கோச் கத்தினார்.

இரண்டாவது செட் போயிற்று. மூன்றாவது செட் பதினைந்து புள்ளிதான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஐந்துக்கு ஐந்து. ஏழுக்கு எட்டு. எட்டுக்குப் பத்தானபோது சர்வீஸ் கொக்குவின் கைக்கு வந்தது. இந்த மூன்று நாளில் ஒரு சர்வீஸைக்கூட அவள் வீணாக்கியதில்லை. பந்தைத் தட்டினாள், தூக்கிப் போட்டாள், அடித்தாள். வலையின் நடுவில் மோதிக் கீழே விழுந்தது.

எட்டுக்குப் பதினொன்று. கோச் இரண்டு கையாலும் சைகை காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். முப்பது விநாடி.

"என்ன ஆச்சு உன் கைக்கு? சுளுக்கா? சொல்லித் தொலையேன்!"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாமயா வலையில போய் குத்தறே? உன்ன மாத்திடவா?"

அப்போதுதான் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கொக்குவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் திருப்பியது. அத்தை. நெற்றியெல்லாம் வியர்வை, ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"வாசல்லேருந்து பாத்துக்கிட்டுதான் வந்தேன். என்னடி பண்றே நீ?"

"சரியா வரல அத்தை."

"யாருகிட்ட சொல்றே? சட்டையில கறை எது வேர்வை எதுன்னு நூறடியிலேருந்து சொல்றவ நான். சரியா வரலையா, இல்ல வரவிடலையா?"

கோச் குறுக்கிட வந்தார். அத்தை அவரைக் கையாலேயே நிறுத்தினாள்.

கொக்கு வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜெயிச்சா நாளைக்கும் மூணு வேள அத்தை. பதினாலு பேரு. எங்க போவீங்க நீங்க? அபராதம் வேற. செயலாளரே சொல்லிட்டாரே, இதுக்கு மேல எதுக்குன்னு."

சுற்றி நின்ற பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டது தான் மட்டும் இல்லை என்று கொக்குவுக்கு அப்போதுதான் புரிந்தது. ரேடியோ பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அத்தையின் முகம் சிவந்தது.

"அடி கழுதைங்களா! கூட்டுச் சேந்து தோக்கறீங்களா? எனக்காகவா? நான் கேட்டனா உங்ககிட்ட?"

"மெல்ல, மெல்ல, நடுவர் பாக்கறாரு" என்றார் கோச்.

"பாக்கட்டும்! அபராதத்த அந்த விடுதிக்காரன் வாங்கவே இல்லடி. தலகாணி உறை, மேஜை விரிப்பு, ஜன்னல் திரைன்னு அத்தனையும் தேய்ச்சு அடுக்கினேன். பேசாம கணக்க அடிச்சிட்டான். மொத நாள்லேருந்து கறுத்த பழமா வாங்கி வாங்கி மிச்சம் புடிச்சது ஏற்கெனவே பையில இருந்துச்சு. எதுக்கு மிச்சம் புடிச்சேன்னு நெனச்சீங்க? ஊருக்குக் கொண்டு போய் அந்தச் செயலாளர் கையில குடுக்கவா?"

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். எதிரணி களத்துக்குள் இறங்கியது. கொக்கு நகராமல் நின்றாள்.

"அப்ப... காசு இருக்கா அத்தை?"

"இல்ல. வர்ற வழியில கீழ ஓட்டல்ல நாளைக்கு மூணு வேளைக்கும் பதினாலு பேருக்குக் கட்டிட்டேன், தோத்தா ஒரு பைசா திருப்பித் தர மாட்டானாம்!"