சுண்ணாம்பு கரைக்காத ஆரத்தி

சாந்தம்மா பலகைகளிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஜூஜுவாடி பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய கட்டைகள் அவை. எந்த தேசத்து இயந்திரத்தையோ சுமந்து கப்பலேறி வந்தவை. நாளை கல்யாண மேடையாகி அவள் மகளையும் மருமகனையும் சுமக்கவேண்டும். மேலே சிவப்பு விரிப்பைப் போட்டுவிட்டால் ராஜாவே வந்து ஏறினாலும் கண்டுபிடிக்க முடியாது என்றான் அவள் புருஷன் வெங்கடசாமி.

"ராஜா எதுக்கு வராரு? மாப்ள பெரியப்பா வராரு," என்றாள்.

அவன் எழுந்துபோய் அடியில் முட்டுக்கொடுக்க இன்னும் இரண்டு செங்கல் கொண்டுவந்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கங்கப்பன் போச்சம்பள்ளிக்காரர். தன் மகன் கல்யாணத்தில் டிரோன் பறக்கவிட்டவர். அது பந்தி நடக்கும்போது ரசச் சட்டியில் விழுந்ததை யாரும் அவர் முன்னால் பேசுவதில்லை. கொல்லையில் கல்யாணம் என்று கேள்விப்பட்ட அன்றே, "கொல்லையில கோழிதான் மேயும்," என்று போனில் சொல்லியிருந்தார். ஆனால் மகள் சுசித்ராவும் மாப்பிள்ளை வெங்கட்டும் அசையவில்லை. இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வரிசையில் செல்போன் பூட்டுகிறவர்கள். மண்டபத்துக்குக் கொட்டுவதில் ஒரு வீட்டுக்கு முன்பணமே கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள். ஏற்றுமதிக்கு ஆகாத ரோஜாவை பூப்பண்ணையில் கேட்டு வாங்கி வந்தார்கள். நாதஸ்வரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். சமையலுக்கு வெங்கடசாமியின் தங்கச்சிகள்.

கொல்லையின் கடைசியில் கம்பெனிச் சுவர். உள்ளே இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசுவார்கள். சாந்தம்மா அங்கேதான் தரை கூட்டித் துடைக்கிறாள். சுவரை ஒட்டி, இந்தப் பக்கம், வீட்டு போர், ஆழ்துளைக் கிணறு. சமையலுக்கும் குடிக்கவும் முறை வைத்து வருகிற ஒகேனக்கல் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர். போன மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீர் கையில் வழுக்க ஆரம்பித்திருந்தது. சோப்புப் போடாமலே துணியில் நுரை வந்தது. தூள் மிச்சமாகிறதென்று தெருவில் ஒன்றிரண்டு பேர் துணி மூட்டையோடு இங்கே வரவும் செய்தார்கள்.

ரோஜா வாடாமலிருக்க டிரம்மில் போர்த் தண்ணீரை நிரப்பி அதில் போட்டுவைத்திருந்தார்கள். ஆணி பிடுங்கி முடித்து சாந்தம்மா போய்ப் பார்த்தபோது, சிவப்பு ரோஜாக்களின் ஓரம் நீலமாகியிருந்தது. அடியில் கிடந்தவை கருநீலம், அடிபட்ட நகம் மாதிரி.

"ஃபாரின் கலரு மே," என்றான் வெங்கடசாமி. "இதுக்கே தனியா காசு வாங்குவான்."

அவன் சிரித்தான். அவள் ஒரு பூவை எடுத்து உதறினாள். இதழ்கள் கொழகொழவென்று அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டன.

மாப்பிள்ளை வீட்டார் நலங்குக்கு வந்து இறங்கினார்கள். கங்கப்பன் கொல்லையை ஒரு சுற்று சுற்றி, மேடையைக் காலால் அழுத்திப் பார்த்து, உட்கார்ந்தால் வேட்டி கசங்கும் என்பதுபோல் நின்றுகொண்டார். பூங்கொடி, வெங்கட்டின் அம்மா, மடியில் தட்டை வைத்துக்கொண்டு மஞ்சள் அரைக்கிறவர்களைப் பார்த்தபடி இருந்தாள். வெங்கட் வேப்பமரத்தில் சீரியல் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தான்.

சுசித்ராவை மணையில் உட்காரவைத்து முகத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசினார்கள். முதல் சொம்பு போர்த் தண்ணீரை பூங்கொடி எடுத்துத் தோளில் ஊற்றினாள்.

மஞ்சளாக இறங்கவேண்டியது சிவப்பாக இறங்கியது. தோளிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து மடிக்கு, மடியிலிருந்து மணைக்கு. புடவை சிவந்தது. மணையைச் சுற்றித் தரை சிவந்தது. ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் நின்று, பாகலூர் சாலையில் வீட்டுமனை இருப்பதாக விளம்பரத்தில் ஒரு பெண் கொஞ்சினாள். அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஒன்று மூச்சுவிடாமல் முனகிக்கொண்டிருந்தது.

பூங்கொடி சொம்பை வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். அவையும் சிவந்திருந்தன.

"இன்னாது இது? பொண்ணு மேல ரத்தமா ஓடுது." அவள் எழுந்தாள். "வெங்கட்டு, எறங்குடா. போலாம்."

"மண்டபமா இருந்தா இதெல்லாம் வருமா?" என்றார் கங்கப்பன்.

சாந்தம்மாவுக்குத் தெரியும். மஞ்சள் பட்ட துண்டில் சோப்பைத் தேய்த்தால் இந்த நிறம்தான் வரும். துணி துவைக்கிற எவளுக்கும் தெரியும். அவள் சுவரைப் பார்த்தாள். தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னால், அந்தத் தண்ணீரில் புழங்கிய பெண்ணையும் அதோடு சேர்த்து வேண்டாமென்பார்கள். சுவரைக் கைகாட்டினால் நாளை மறுநாள் கம்பெனி கேட்டில் அவள் கார்டு பச்சை காட்டாது. மகளைப் பார்த்தாள். சுசித்ரா அவளைப் பார்க்கவில்லை; மரத்திலிருந்து பாதி இறங்கி, ஒயரைக் கையில் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்த வெங்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரத்திக்கு இன்னா கரைப்போம் சம்மந்தி?" என்றாள் சாந்தம்மா. குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"மஞ்சளும் சுண்ணாம்பும்," என்றாள் பூங்கொடி.

"மஞ்ச நான் வச்சேன். சுண்ணாம்பு நான் வக்கல. இங்க யாரும் வக்கல." அவள் கை கூப்பினாள். "மாரியம்மா வச்சிக்கினா. எம்பொண்ணுக்கு அவளே ஆரத்தி எடுத்துக்கினா."

கங்கப்பன் நாலு பக்கமும் பார்த்தார். வெங்கட்டின் நண்பன் ஒருவன் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"சூளகிரி தாண்டும்போதே எனக்கு ஒடம்பு சிலுத்துச்சி," என்றார், கேமரா பக்கம் திரும்பி. "நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

பூங்கொடி மறுபடி உட்கார்ந்தாள். சுசித்ராவின் சிவந்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாயே என்பதைத் தெலுங்கில், "தல்லி, தல்லி," என்றாள். கொஞ்சம் முன்னால் அதே கைக்குப் பயந்துதான் எழுந்திருந்தாள்.

அந்த செல்போன் படம் பரவி, சாயங்காலத்துக்குள் கொல்லை தெருவாகிவிட்டது. கர்நாடகப் பக்கத்திலிருந்து கூட வேன் வந்தது. போர் மோட்டாருக்குப் பொட்டு வைத்தார்கள். நீலம் பாய்ந்த ரோஜாவைப் பார்த்து, அம்மன் நஞ்சுண்டிருக்கிறாள் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். கங்கப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வருகிறவர்கள் உள்ளங்கையில் மஞ்சளைத் தடவித் தண்ணீர் விட்டார். கொல்லையில் கோழிதான் மேயும் என்றவர் அங்கே எறும்பைக்கூடச் செருப்புப் போட்டு நடக்கவிடவில்லை. கைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சிவக்கச் சிவக்கச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இருட்டுகிற நேரத்தில், நீட்டிய சிவப்புக் கைகளோடு அவ்வளவு பேரும் பேச்சில்லாமல் நிற்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த சாந்தம்மா கதவைத் தாழிட்டாள்.

உள்ளே சுசித்ரா கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் போய்விட்டது. சிவப்பு போகவில்லை. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது.

"எரியுதும்மா."

சாந்தம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். "காலையில அதுல குளிக்காத. ஒகேனக்கல் தண்ணி ரெண்டு கொடம் எடுத்து வச்சிருக்கேன்."

"அதுல மஞ்ச செவக்கலைன்னா?"

சாந்தம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

கம்பெனியிலிருந்து குருமூர்த்தி வந்தார். ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். ஒரு தடவைகூட அவர் சாந்தம்மாவின் பெயரைச் சொன்னதில்லை. துடைத்த தரை ஈரமாக இருந்தால் மட்டும் நின்று பார்ப்பார். இன்று பழத்தட்டோடு, ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் யோசித்து, சாக்ஸோடு உள்ளே வந்தார்.

"இத்தன வருஷமா நம்மகிட்ட இருக்கீங்க சாந்தம்மா. ஒரு வார்த்த சொல்லலையே."

"இன்னா சார்?"

"அம்மன் உங்க வீட்ல இருக்கறத."

பிறகு கங்கப்பனைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். போரைச் சுற்றி கம்பெனி செலவில் கிரானைட் மேடை, இரும்புக் கதவு, பூட்டு. திறப்புக்குப் பெரியவர் வரவேண்டும். பெரியவர் என்றதும் கங்கப்பன் கிராப்பைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் குருமூர்த்தி. "இந்தத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிட்டுப் போயி அங்க டெஸ்ட், இங்க டெஸ்ட்னு சில பேர் வருவாங்க. தெய்வத்த டெஸ்ட் பண்றதா? மனசு சங்கடமாகும். யாராவது வந்தா எனக்கு ஒரு போன்."

"ஒருத்தன கிட்ட விடமாட்டேன்," என்றார் கங்கப்பன்.

குருமூர்த்தி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளக் கை நீட்டி, நீட்டிய கையைக் கும்பிடாக மாற்றிக்கொண்டார். டிரைவர் காரிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துவந்து கொடுத்தான்.

விடிந்தபோது முகூர்த்தத்துக்கு அழைத்தவர்களைவிட அழைக்காதவர்கள் அதிகம் இருந்தார்கள். சாந்தம்மா எடுத்துவைத்த இரண்டு குடத்தையும் பாத்ரூமில் வைத்திருந்தாள். பூங்கொடி அதன் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"உள்ள எதுக்கு சம்மந்தி? எல்லாரும் பாக்கத்தானே வந்திருக்காங்க. அம்மா தண்ணி தலையில விழாம எம்பையன் தாலி எடுக்கமாட்டான்."

"பொண்ணுக்கு ஒடம்பு கொஞ்சம்..."

"அதான் அவ தண்ணி இருக்குதே. எல்லாம் எறங்கிரும்."

வெங்கட் பட்டு வேட்டியில் ஓரமாக நின்றிருந்தான். "பெரியப்பா, சும்மா ரெண்டு சொட்டு போதாது?" என்றான். கங்கப்பன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேட்டி முனையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டான்.

சுசித்ரா தானாகவே நடந்துபோய் மணையில் உட்கார்ந்தாள். மஞ்சள் பூசினார்கள். கழுத்துத் திட்டின்மேல் பட்டபோது அவள் தோள் ஒருமுறை துள்ளியது. யார் ஊற்றுவது என்று பேச்சு வந்தது. பெற்றவள்தான் ஊற்றவேண்டும், அவள்தானே முதலில் அறிந்தவள் என்று தீர்ப்பானது.

சாந்தம்மா போர்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள்.

"கண்ண மூடிக்க சாமி," என்றாள் காதருகே.

"சீக்கிரம் ஊத்தும்மா."

ஊற்றினாள். தலையிலிருந்து கால்வரை சிவப்பு இறங்கியது. கூட்டம் முன்னால் நகர்ந்து, ஓடிவந்த தண்ணீரில் பாதத்தை நனைத்துக்கொண்டது. குருமூர்த்தி கும்பிட்டபடியே, பேன்டை லேசாகத் தூக்கி, பின்னால் ஒரு அடி வைத்தார். எரிச்சல் தாங்காமல் சுசித்ரா கண்ணைத் திறந்தாள். விழி இரண்டும் ரத்தமாக இருந்தன. வாய் கோணியது, உடம்பு நடுங்கியது.

"கண்ணப் பாரு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "வந்துட்டா."

முன்வரிசையில் ஒருத்தி விழுந்தாள். பின்னால் இருந்தவர்கள் வரிசை வரிசையாக, வெங்கட்டும்கூட, ஈரத் தரையில் விழுந்தார்கள். அவர்கள் முதுகுகளுக்கு மேலாக சுசித்ரா அம்மாவைத் தேடினாள்.

சாந்தம்மா அடுத்த குடத்தை நிரப்பப் போர்க் குழாயடியில் வைத்தாள்.