என் உயரத்துக்கு ஒரு குச்சி

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து உட்கார்ந்த அந்த மனிதரைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிரேம் அவர் முகத்தைவிட இரண்டு விரல் அகலம். நடந்தால் தரை சாய்ந்து தெரிகிறதாம், படியில் இரண்டு தடவை தடுக்கிவிட்டதாம்.

"இது யாருக்குப் போட்டது?" என்றேன்.

"எங்க அண்ணனோடதுங்க. பவர் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நல்ல ஃபிரேமு, சும்மா கெடக்குதேன்னு..."

"அடுத்தவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு தரை கோணலா இருக்குன்னா தரை என்னங்க பண்ணும்? உங்க அண்ணன் மூக்கு வேற, உங்க மூக்கு வேற. இத்தனை நாள் விழாம இருந்ததே பெருசு."

மனிதர் சுருங்கிப்போனார். அவருக்கு அளவெடுத்து, புதிதாக ஒன்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டு, நன்றாகத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கோல்ஃப் கிளப்பில், குழிக்கு ஒன்றரை முழ தூரத்தில் கிடந்த பந்தை உருட்டினேன். அது குழியின் இடது பக்கமாக, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் போய் நின்றது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தைத் தூரமாக அடிக்க ஏழெட்டு மட்டை இருக்கும். கடைசியில், மழமழவென்று புல் வெட்டிய இடத்தில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கென்று ஒரு மட்டை உண்டு. அதற்குப் பட்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது குச்சிதான். தூரமாக அடிப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. குச்சியைக் கையில் எடுத்தால்தான் என் மானம் போகும்.

அந்தக் குச்சி என் மாமனாருடையது. அவர் வாசல் நிலைக்குக் குனிந்து நுழைகிற உயரம். நான் அவர் நெஞ்சு வரைக்கும் வருவேன், அதுவும் செருப்போடு. அந்தக் குச்சியை வைத்து அவர் கிளப் கோப்பையை வாங்கியிருக்கிறார். இடுப்பு ஒத்துழைக்காமல் ஆட்டத்தை விட்டபோது, கிளப் ஹாலில் எல்லோரையும் கூட்டிவைத்து, "இது இனிமே உன்கிட்டதாம்மா இருக்கணும்" என்று என் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு, மாமா, இது எனக்கு நீளம் என்று எந்த மருமகள் சொல்வாள்?

விளைவு, மூன்று வருடமாகப் பெண்கள் அணியில் நான் ரிசர்வ். ரிசர்வ் என்றால் கௌரவமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெளியூர் ஆட்டத்துக்குக் கூடவே போக வேண்டும். அடுத்தவர்களின் துண்டையும் குடையையும் பிடித்துக்கொண்டு, "நல்ல ஷாட், நல்ல ஷாட்" என்று பல் தெரியச் சிரிக்க வேண்டும். திரும்பி வந்து கடையில், "மேடம், நீங்க ஆடினீங்களா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். வயிறு எரியும்.

இந்த வருடம் அணியில் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு இடம் காலி. எங்கள் கேப்டன், வங்கி மேனேஜர் அம்மா, கறாராகச் சொல்லிவிட்டார்: "நீங்க, இல்லன்னா உங்க நாத்தனார். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆடுங்க. யாரு கம்மி அடியில முடிக்கிறீங்களோ, அவங்க உள்ள."

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. அப்பாவின் உயரம் அப்படியே வந்திருக்கிறது, ஆனால் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. கடையில் செட்டாக விற்கிற மலிவுக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு, வீடு பெருக்குகிற மாதிரிக் குனிந்து ஆடுவாள். அவளும் என்னைப்போலவே குழியருகில் கோட்டை விடுகிறவள்தான். ஆகவே நம்பிக்கை இருந்தது.

ஆனால் ஒன்றரை முழத்தைத் தவறவிட்டால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "நீ தலையத் தூக்குற" என்றார் என் கணவர். "மூச்ச இழுத்து விட்டுட்டு அடிங்க" என்றார் கேப்டன். மாமனார் கிளப் வராந்தா நாற்காலியில் இருந்தபடியே, "கையில தெம்பு இருந்தா வெளக்கமாத்த வச்சுக்கூடப் பந்தப் போடலாம்மா" என்றார். என் தலை, என் மூச்சு, என் கை, எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருத்தராவது அந்தக் குச்சியைப் பார்த்தார்களா என்றால் இல்லை.

வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போதுதான், காலையில் அந்த மனிதரைத் திட்டியது ஞாபகம் வந்தது. தரை என்னங்க பண்ணும். சிக்னலில் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து வண்டிக்காரர் என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

மறுநாளே கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, ஆளுக்குத் தகுந்தபடி மட்டை அளவெடுத்துக் கொடுக்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் ஓயாமல் பேசுகிற ரகம். குச்சியைப் பிடித்து நிற்கச் சொன்னார். காலடியில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் மேல் பந்தை வைத்தார்.

"மேடம், கண்ணாடியில பாருங்க. உங்க கண்ணு எங்க தெரியுது?"

பார்த்தேன். பந்து ஒரு பக்கம், என் கண் வேறு பக்கம்.

"கண்ணு பந்துக்கு மேல வரணும். குச்சி நீளம்கறதால நீங்க தள்ளி நிக்குறீங்க. தள்ளி நிக்கவும் மட்டையோட மூக்கு, அதான் அந்த நுனி, மேல தூக்கிக்குது. மூக்கு தூக்குனா பந்து இடது பக்கம்தான் போகும். அதச் சரிக்கட்ட நீங்க வலது பக்கம் பாத்து அடிப்பீங்க. சரியா?"

மூன்று வருடமாக நான் செய்துகொண்டிருந்தது அதேதான்.

"பிடி வேற உங்க கைக்கு உலக்கை மாதிரி இருக்கு. இத்தன வருஷம் இத வச்சு ஆடினதே பெரிய விஷயம் மேடம்."

நான் அந்த மனிதரிடம் சொன்னதையே இவர் என்னிடம் சொல்கிறார்.

"இதையே வெட்டிக் குறைச்சுத் தரட்டுமா?"

"இத வெட்டினா வீட்டுல என்னை வெட்டிடுவாங்க. புதுசு போடுங்க."

நீளம் என் உயரத்துக்கு, பிடி என் கைக்கு, மட்டையின் சாய்வு நான் நிற்கிற நிலைக்கு. நீளம் குறைந்தால் கையில் இலேசாகிவிடும் என்று தலைப்பக்கம் கொஞ்சம் எடை கூட்டினார். அங்கேயே விரிப்பில் ஒரு பந்தை உருட்டினேன். நேராகப் போய் விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூன்று வருடம் குடை பிடித்திருக்கிறேன்.

வீட்டில் மாமனார் கண்ணில் படாமல் எதுவும் நடக்காது. பையில் புதுக் குச்சியைப் பார்த்துவிட்டார்.

"பழசு என்னாச்சு?"

"பத்திரமா இருக்கு மாமா. அது எனக்கு நீளம். அளவெடுத்து வேற வாங்கிட்டேன்."

"அளவெடுக்க அது என்ன சட்டையா?" என்றார். பையைத் திரும்ப மூடிவைத்துவிட்டு, "சரி, உனக்கு வேண்டாம்னா ஞாயித்துக்கிழமை பாப்பாகிட்ட குடுத்துடு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு குரூர சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. ஆட்டத்தன்று காலையில் கை மாறுகிற குச்சி, பழக நேரமே இருக்காது. படட்டும், அவளும் கொஞ்சம் படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் வராந்தாவில் மாமனாரே அதைப் பாப்பாவிடம் நீட்டினார். பாப்பா வாங்கவில்லை.

"அண்ணிக்கு வேண்டாம்னுதான எனக்குத் தர்றீங்க?"

"நீ எப்பவாச்சும் கேட்டியா?"

"கேட்டு வாங்குறதாப்பா அது?"

மாமனார் குச்சியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். பாப்பா குச்சியை வாங்கிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு நடந்தாள். பந்தை வைத்தாள், நின்றாள். கண் விஷயம் என் தொழில். அவள் கண் பந்துக்கு நேர் மேலே இருந்தது. முதுகில் அந்தப் பழைய கூன் இல்லை, கை தளர்ந்து தொங்கியது, மட்டை தரையில் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அளவெடுக்காமலேயே அளவெடுத்தது மாதிரி. போயும் போயும் என் கையாலேயே அதைத் துடைத்துப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. குழியருகில் ஒன்றுகூடத் தவறவில்லை. முன்பெல்லாம் நான் குச்சியை எடுத்தால் பேச்சை ஆரம்பிக்கிற கேப்டன், அன்று வாயைத் திறக்கவில்லை. நான் ஒன்று போட்டால் பாப்பா ஒன்று போட்டாள். நான் பல்லைக் கடித்தேன், அவள் உதட்டைக் கடித்தாள். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம்.

என் பந்து தூரத்தில் கிடந்தது, அதனால் நான்தான் முதலில். உருட்டினேன். அது போன போக்கைப் பார்த்து, விழுந்துவிடும் என்றே கேப்டன் கையைத் தூக்கிவிட்டார். குழியின் விளிம்பு வரை போய், ஒரு விரற்கடை தள்ளி நின்றது. இன்னொரு அடியில் அதை உள்ளே தட்டிவிட்டு ஒதுங்கினேன். இதில் குச்சியின் மேல் என்ன குறை சொல்ல? ஒரு குறையும் இல்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது.

பாப்பாவுக்கு ஆறேழு முழ தூரம். போன வாரம் வரை இதே தூரத்தை அவள் போட்டு நான் பார்த்ததில்லை. நின்றாள், உருட்டினாள், பந்து குழிக்குள் சத்தத்தோடு விழுந்தது. ஒரே ஒரு அடியில் என்னைத் தாண்டிவிட்டாள்.

குதிப்பாள் என்று பார்த்தேன். நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க வேற வாங்கலேன்னா இது என்கிட்ட வந்தே இருக்காது அண்ணி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ரெண்டு வார்த்தை சுடச்சுடக் கேட்கலாம் என்றால், அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள்.

கேப்டன் வந்து தோளில் தட்டினார். "பிரமாதமா ஆடினீங்க. ரிசர்வா வர்றீங்கல்ல?"

"வர்றேன்" என்றேன். குடையை யார் பிடிப்பது?

திரும்பும்போது என் கணவர்தான் வண்டி ஓட்டினார். மாமனார் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் என் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அப்போ புதுக் குச்சி வாங்கினது தண்டமா?"

"இன்னிக்கு ஒண்ணாவது விட்டேனா? பேசாம ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மாமனார் தொண்டையைச் செருமினார். நான் திரும்பிப் பார்த்தேன். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"ஏம்மா, அந்த அளவெடுக்கிற கடை எங்க இருக்கு?"

"எதுக்கு மாமா?"

"நீளமெல்லாம் பாப்பாவுக்குச் சரியாத்தான் இருக்கு. பிடிதான் அவ கைக்குக் கொஞ்சம் தடிமன்போலத் தெரியுது. வெளியூர் ஆட்டத்துக்கு முன்னால மாத்திக் குடுத்துட்டா நல்லது."

என் கணவர் கண்ணாடி வழியாக அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைக்கு வழி சொன்னேன்.