முப்பத்திரண்டு மணி நேரம் இறங்கிய சிக்னல்காரன்

1993 மார்ச்சில் ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு விமானத்திலிருந்து குதித்த லான்ஸ் நாயக் முனிராஜ் தரையில் கால் வைத்தது மறுநாள் மாலை நாலு மணிக்கு. குடை சரியாகத்தான் விரிந்தது. காற்றும் இல்லை. இருநூறு அடி வரை எல்லாரையும் போல வந்தவன், அதற்கப்புறம் மணிக்கு ஆறடி சொச்சம் என்று இறங்க ஆரம்பித்தான். இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. கீழே ஒரு காவலாளை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பயிற்சியை முடித்துக்கொண்டு பெங்களூர் திரும்பிவிட்டார்கள். மத்தியானம் பசித்ததும் முனிராஜ் தன்னிடமிருந்த கயிற்றைக் கீழே விட்டான். காவலாள் அதில் டிபன் கேரியரைக் கட்டி அனுப்பினான். பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அவன் மனைவி விஜி, அவன் இறங்கும்வரை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "இன்னாயா, பூமிக்கு வர்றதுக்குக் கூடவா உனக்கு மனசு வரல?"

வேறு படையாக இருந்தால் இதைச் சிரித்து விட்டிருப்பார்கள். முனிராஜ் இருந்தது வான்வழி பிரிகேடு. அதன் அருமை பெருமையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஆணை வந்த ஆறு மணி நேரத்தில் முதல் ஆள் வானத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். எதிரி எதிர்பார்க்காத இடத்தில் குதித்து, ஒரு பாலத்தையோ விமானத்தளத்தையோ பிடித்து, டாங்கிகளோடு பெரிய படை ரோடு வழியாக வந்து சேரும்வரை மூன்று நாள் விடாமல் வைத்திருப்பது வேலை. அந்த மூன்று நாளும் முதுகில் கட்டிக்கொண்டு போனதுதான் சோறு, அதுதான் குண்டு. மூன்று பட்டாலியன், கழற்றிப் போட்டுக் கீழே மாட்டிக்கொள்ளும் சின்னப் பீரங்கிகள், கண்ணிவெடி எடுப்பவர்கள், நாற்பது நிமிஷத்தில் ஆபரேஷன் மேஜை போட்டுவிடும் டாக்டர்கள், இவர்கள் எல்லாரையும் ஒருவரோடு ஒருவர் பேசவைக்கும் சிக்னல்காரர்கள். ஒவ்வொருவன் வீட்டிலும் வாசலோரம் ஒரு பை கட்டியபடியே இருக்கும். சினிமா தியேட்டரில் இடைவேளையோடு எழுந்து ஓடிய ஒருவன் அந்தப் படத்தின் முடிவை நாலு வருஷம் கழித்து டிவியில்தான் பார்த்தான். அப்படிப்பட்ட மனிதர்கள். அவர்களுக்கு நடுவில் சிக்னல்காரன் ஒருவன் முப்பத்திரண்டு மணி நேரம் அந்தரத்தில் நின்றால் பீரங்கிக்குக் காது போச்சு என்று அர்த்தம்.

ஐந்து வருஷம் பார்த்தார்கள். குதித்த ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். தராசில் ஏற்றினால் அறுபத்து நாலு கிலோ, குறையில்லை. அவன் குடையை இன்னொருவனுக்குக் கட்டினால் அவன் ஒழுங்காக இறங்கினான். முனிராஜின் முதுகில் மணல் மூட்டை கட்டிப் பார்த்தார்கள். மூட்டையும் அவனோடு சேர்ந்து தொங்கியது. கடைசியில் 1998 செப்டம்பரில் மருத்துவக் குழு அவனைத் தகுதியில்லாதவன் என்று எழுதிவிட்டது. அடுத்த மாதப் பயிற்சியோடு சரி, அப்புறம் வீடு. முனிராஜ் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். ஸ்டோரில் போடுங்கள், சமையலில் போடுங்கள், குதிக்கிறவர்கள் பட்டியலில் மட்டும் பேரை அடிக்காதீர்கள் என்று கெஞ்சினான். குதிக்கிறவர்களின் மெரூன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று விஜியிடம் சொல்லி அழுதான். அவளும் அழுதாள். ஐந்து வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தவள்தான்.

அந்த அக்டோபரில் பிரிகேடியர் சீனிவாசராகவனுக்கு ஒரு வேகம் பிடித்திருந்தது. ஆறு மணி நேரத்தை ஐந்தாக்கிக் காட்ட வேண்டும். நியாயமாக, வழிகாட்டிப் பிரிவு அரை மணி முன்னதாகக் குதித்து, இறங்கும் இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த அரை மணியை மிச்சம் பிடித்தார்கள். இடம் ஹொசகோட்டைக்கு அப்பால் ஏழு வருஷமாக வறண்டு கிடந்த ஏரி. நாலு நாள் முன்புதான் நடந்து பார்த்திருந்தார்கள், பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் இரண்டு நாள் கொட்டிய மழையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வேகத்திலேயே வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

விடியற்காலை ஆறரை மணி. கீழே மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. முதல் விமானத்தில் ஆட்களைக் குதிக்கவிடும் பொறுப்பு சுபேதார் டெஸ்மண்டுக்கு. பெங்களூர் காக்ஸ் டவுன்காரர், முனிராஜோடு பன்னிரண்டு வருஷம் ஒரே கொட்டகையில் தூங்கியவர். அவர் அவனை மட்டும் கதவுக்குக் கூப்பிட்டார். "நீ ஒரு ரவுண்டு முன்னாடி போ மேன். கடைசி ஜம்ப். வானம் ஃபுல்லா உன்னோடது." தோளில் தட்டி அனுப்பினார். சட்டத்தில் இதற்கு இடமில்லை. பாசத்தில் செய்தார்.

இருநூறு அடியில் முனிராஜ் வழக்கம்போல நின்றான். கீழே பால் மாதிரி மூட்டம். அதற்குள்ளிருந்து தவளைச் சத்தம், ஒன்றிரண்டு இல்லை, நாலா பக்கமும். வறண்ட ஏரியில் இத்தனை தவளைக்கு என்ன வேலை என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கழற்றிக் கீழே போட்டான். தொபுக்கென்று கேட்டது. ரேடியோவை அழுத்தியபோது இந்தியும் மறந்துபோச்சு, இங்கிலீஷும் மறந்துபோச்சு.

"தண்ணி சார். கீழ முழுக்கத் தண்ணி. யாரையும் எறக்காதீங்க."

மேலே அறுநூறு பேர் எழுந்து குடையின் கொக்கியை விமானக் கம்பியில் மாட்டியாகிவிட்டது. முப்பது கிலோ சுமையோடு தண்ணீரில் விழுந்தால் குடை மேலே மூடும், நீச்சல் தெரிந்தவனும் தப்ப மாட்டான். ஆனால் தரையைப் பற்றிச் சொல்லத் தரையில் நிற்பவனுக்குத்தான் அதிகாரம் என்பது பிரிகேடின் பழைய விதி. சீனிவாசராகவன் தன் உத்தியோகத்திலேயே முதல் தடவையாக ரேடியோவில் தமிழில் பேசினார்.

"முனிராஜ், நீ தரையில இருக்கியா?"

"இல்ல சார். மேலதான் இருக்கேன்."

"நிச்சயமா தண்ணியா?"

"என் பாட்டிலப் போட்டுப் பார்த்துட்டேன் சார்."

அவ்வளவுதான். பிரிகேடியர் எல்லா விமானத்தையும் திருப்பச் சொன்னார். பிரிகேடின் சரித்திரத்தில் ஒருவனைத் தவிர வேறு ஆள் யாரும் குதிக்காமல் திரும்பிய பயிற்சி அது ஒன்றுதான். எட்டு மணிக்கு மூட்டம் விலகியபோது ஏரி கரை தொட்டுக் கிடந்தது. அளந்து பார்த்தால் பன்னிரண்டு அடி ஆழம். அறுநூறு பேரும் பெங்களூரில் இறங்கி லாரியில் வந்து கரையில் வரிசையாக நின்று, தண்ணீருக்கு மேலே தொங்கிய முனிராஜுக்கு சல்யூட் அடித்தார்கள். பிரிகேடியரும் அடித்தார். பதில் சல்யூட் அடித்துக் கை வலித்துவிட்டது என்று முனிராஜ் பிற்பாடு சொன்னான். மறுநாள் மத்தியானம் ஒரு மீன்காரரின் பரிசலில் பத்திரமாக இறங்கினான்.

மருத்துவக் குழு திரும்பக் கூடி, ஆள் தகுதிதான், இடம்தான் தவறு என்று எழுதியது. வழிகாட்டிப் பிரிவில் புதிதாக ஒரு பணியிடம் போட்டார்கள். இப்படி ஒரு பணியிடம் எந்தப் படையிலும் இல்லையே என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இப்படி ஒரு ஆளும் எந்தப் படையிலும் இல்லை என்று சீனிவாசராகவன் பதில் எழுதினார். அதோடு ஃபைல் மூடப்பட்டது. அதற்கப்புறம் முனிராஜ் முதலில் குதிப்பான். இருநூறு அடியில் நின்று நாலு பக்கமும் பார்த்து, வரலாம் என்று சொல்வான். அவன் சொல்லும்வரை கர்னலானாலும் கதவருகே காத்திருக்க வேண்டும். கீழே பாலத்தைப் பிடித்த பிறகும் அவன் மேலேயே இருந்து, யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று பீரங்கிக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் ஓய்வு பெற்ற 2003 வரைக்கும் பிரிகேடு தினமும் காலையில் அனுப்பிய ஆள்கணக்கில், பயிற்சி நாட்களில், தரையில் இத்தனை பேர் என்று எழுதி அதற்கடுத்த வரியில் மேலே ஒருவர் என்று எழுதினார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை.

ஜீவனஹள்ளியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரோ, ஓட்டுக் கேட்டு வருகிறவரோ வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டால் விஜி, "டூட்டில மேல இருக்காரு. வியாழக்கிழமை சாயங்காலம் எறங்கிடுவாரு, அப்ப வாங்க" என்று சொல்லிவிடுவாள். அவர்களும் வியாழக்கிழமை வருவார்கள்.