இவருதான் உக்காரச் சொன்னாரு

அக்கா, இதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டிடாத. டைப் பண்ணப் பொறுமை இல்ல, அதான் நடந்துக்கிட்டே பேசி அனுப்புறேன்.

இன்னிக்கு எங்க லாண்டரி சூப்பர்வைசர் என்னையும் வெளிய கூட்டிட்டுப் போனாரு. அவரு, அவரு வீட்டம்மா, நான். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஆபீஸ்ல அவருதான் பேசணும், உனக்கே தெரியும். அதனால காலையிலேர்ந்தே வாலை ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணி பாட்டிலக்கூட அவங்களைத் தூக்க விடல.

போனது மலைச்சரிவுல ஒரு பழைய தோட்டம். தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல யாரோ பணக்காரர் போட்டதாம். சரிவை அடுக்கடுக்கா வெட்டி, ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு தினுசுப் பூ. உச்சியில வீடு. அந்தக் குடும்பம் இன்னமும் அங்கதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் மத்தவங்க வந்து தோட்டத்தைப் பாக்கலாம். இதையெல்லாம் வாசல் கேட்டுலயே சொன்னாங்க. நான் எங்க காதுல வாங்குனேன்!

பாதி ஏறும்போதே அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு. "நீங்க மெதுவா வாங்க, நான் போய் இடம் பிடிக்கிறேன்"னு ஓடுனேன். மேல குறுக்கால ஒரு கயிறு. நமக்குத்தான் வேற நெனப்பே கிடையாதே, துணி காயப்போடுற கயிறுன்னு நெனச்சு குனிஞ்சு உள்ள போயிட்டேன். வெள்ளை விரிப்பு போட்ட மேசை, தட்டு, நடுவுல முழு கேக். ஆளே இல்ல. நம்மளே எடுத்துக்குற கடை போலன்னு மூணு துண்டு வெட்டி மூணு தட்டுல வெச்சேன். என்னோடதைத் தின்னவும் ஆரம்பிச்சுட்டேன்.

வீட்டுக்குள்ளேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு காகிதத் தொப்பியோட வந்துச்சு. என்னைப் பாத்துச்சு, கேக்கைப் பாத்துச்சு. "அம்மா, யாரோ என் கேக்கை வெட்டிட்டாங்க!"

பொறந்தநாளாம்.

அம்மாக்காரி ஓடி வந்தாங்க. "யாருங்க நீங்க? இது எங்க வீடு. யாரு உங்களை உள்ள விட்டது?"

எனக்கு வாய் நெறைய கேக். சரியா அந்த நேரம் பாத்து சூப்பர்வைசர் கயித்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவரைக் கை காட்டி, "இவருதான் இங்க உக்காரச் சொன்னாரு"ன்னேன்.

அக்கா, அவரு ஒரு நொடி என்னையே பாத்தாரு. அப்புறம், "ஆமாங்க, என் தப்புதான். கடைன்னு நெனச்சு நான்தான் அனுப்புனேன். மன்னிச்சுக்குங்க"ன்னாரு. அந்தம்மா விடல. "இத்தனை வயசாச்சு, கயித்துல தொங்குற போர்டைப் படிக்கத் தெரியாதா?"ன்னு எல்லார் முன்னாடியும் அவரை வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க. புள்ள ஒரு பக்கம் அழுவுது. நான் உதட்டுல ஒட்டுன க்ரீமைத் தொடச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன்.

கார்ல ஏறுனதும் வீட்டம்மாதான் அவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு? பாவம், வந்த புள்ளையைப் போயி மாட்டி விட்டீங்களே! தம்பி, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதப்பா." நான் "பரவாயில்லம்மா"ன்னேன். பரவாயில்லையாம்! அதைச் சொன்ன வாயை என்ன பண்றது?

என்னை இறக்கி விடும்போது, "நாளைக்கு ஆபீஸ்ல உன் விஷயம் பேசுறேன்"னாரு. அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

ரூம்ல இருப்புக் கொள்ளல. இப்ப அவரு தெருவுக்கு வந்துட்டேன். அவரு வீட்டம்மா முன்னாடியே உண்மையைச் சொல்லணும். வேலை போனா போகட்டும்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லக்கா, போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் வர்றேன். அதுவே வெக்கக்கேடா இருக்கு.

சன்னல் தெறந்திருக்கு. அவங்க இன்னும் அவரைத்தான் திட்டிக்கிட்டு இருக்காங்க, தெரு வரைக்கும் கேக்குது.

பெல் அடிச்சுட்டேன்.