கச்சான் அல்வாவில் எலும்பு

ஓட்டோக்காரன் பதினாலு பெட்டிகளையும் ஜுனைதாவின் வாசலில் இறக்கிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறப் போனான்.

"நில்லுங்க தம்பி. இது நேத்து நாங்க ஏத்தின கச்சான் அல்வா. ஏன் திருப்பிக் கொண்டு வந்த?"

"எனக்குத் தெரியா ராத்தா. ஜீவராஜ் அண்ணன் குடுத்திட்டு வரச் சொன்னவர்."

முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில், வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் நாலு பெண்களை வைத்து ஜுனைதா பதினொரு வருசமாக நிலக்கடலையில் கச்சான் அல்வா செய்கிறாள். பக்கத்து இந்து ஊரான காரைதீவில் ஜீவராஜின் பலசரக்குக் கடைதான் அவளுடைய பெரிய வாடிக்கை. அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா தொடங்க இன்னும் மூன்று நாள்தான். ஊர் முழுக்கச் சைவமாக இருக்கும் அந்த ஒரு கிழமையில் அவளுடைய சரக்கு போவதுபோல வேறு எப்போதும் போகாது. ஜீவராஜுக்கு ஏழு தடவை போன் எடுத்தாள். பதில் இல்லை.

விசயத்தை அவளுடைய புருசன் ஸப்ரிதான் கொண்டு வந்தார். பேஸ்புக்கில் அவளுடைய அல்வாப் பக்கெட்டின் மேலுறைப் படம். அவளுடைய பெயர், போன் இலக்கம், எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. போட்டவள் ஜீவராஜின் அக்கா மகள் வினோஜா. கொழும்பில் படிக்கிறவள், இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், தேன்கூடத் தொடாத வீகன். 'இதில் போட்டிருக்கும் குளுக்கோஸ் பாகு வீகனா? யாருக்காவது தெரியுமா?' என்று மட்டும்தான் கேட்டிருந்தாள்.

தெரியாதவர்கள் எல்லோரும் பதில் சொல்லியிருந்தார்கள். மாட்டெலும்பை அவித்துத்தான் குளுக்கோஸ் எடுக்கிறார்கள் என்று ஒருவர். விரத நாள் பார்த்து வேணுமென்றே நம்மைத் தின்ன வைக்கிறார்கள் என்று இன்னொருவர். அதை நூற்றுக்கணக்கான பேர் பகிர்ந்திருந்தார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னரே மற்றப் பக்கமும், முஸ்லிம் ஊரும், எழும்பியது. சொந்தத் தெருவிலிருந்தே ஒருவர் பன்றிக்கதையோடு போன் எடுத்தார். "பண்டியெலும்பு எண்டும் கதைக்கிறாங்க ஜுனைதா. ஹறாமில்லையா?"

"அவங்களுக்கு மாட்டெலும்பு, நமக்குப் பண்டியெலும்பு. ஒரே வாளிக்குள்ள ரெண்டையும் நான் எப்பிடிப் போட்டன் எண்டு சொல்லுங்களன்!" என்று கத்திவிட்டு வைத்தாள்.

ஸப்ரி தணிந்த குரலில் சொன்னார். "உடு. அம்பாறையில கொத்துரொட்டிக் கடையில சாப்பாட்டுல கிடந்த மாவுக்கட்டிய, மலடாக்குற மாத்திரை எண்டு சொல்லிக் கடைய உடைச்சாங்க. அது மாவுதான் எண்டு அறிக்கை வந்தது பிறகுதானே. இப்ப வாயத் திறக்காம இரிக்கிறதுதான் நல்லம்."

"வாயத் திறக்காம இரிந்து என்னத்தக் கண்டோம்?"

கொட்டிலுக்குள் போய்க் குளுக்கோஸ் வாளியைத் திருப்பிப் பார்த்தாள். பாகு சீனியாகப் பூத்துப்போகாமல் இருக்க ஒவ்வொரு சட்டிக்கும் அதில் இரண்டு அகப்பை ஊற்றுவாள். வாளியில் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு எடுத்தாள். கொழும்பிலிருந்து ஒரு பெண் தமிழிலேயே பேசினாள். அது சோளன் மாவில் செய்வது, மாவை இனிப்பாக்கும் நொதியும் நுண்ணுயிரிலிருந்து எடுப்பது, விலங்குச் சாமான் ஒன்றும் இல்லை என்றாள். கடிதமும் அனுப்புவதாகச் சொன்னாள்.

"அப்ப எலும்புக்கதை சும்மா கட்டினதா?"

"குளுக்கோசுக்கு இல்லை அக்கா. ஆனா சில நாட்டில கரும்புச் சீனிய வெள்ளையாக்க மாட்டெலும்புக் கரியில வடிகட்டுறாங்க. எல்லா ஆலையிலயும் இல்லை. உங்கட சீனி எங்க செஞ்சதெண்டு கேட்டாத்தான் தெரியும்."

ஜுனைதா போனை வைத்துவிட்டு மூலையில் கிடந்த சீனி மூட்டையைப் பார்த்தாள். அது ஜீவராஜின் கடையில் வாங்கியது.

கடிதம் வந்ததும் அதைத் தெருமுனையில் அச்செடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனாள். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஜீவராஜ் கல்லாவில் இருந்தான். குளிர்த்திக்கு ஊருக்கு வந்திருந்த வினோஜாவும் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க போன் எடுக்கல்ல. அதான் நானே வந்த."

"கோவிக்காதீங்க ராத்தா. நீங்க அப்பிடிச் செய்ய மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். சனம் கதைக்குது, நான் என்ன செய்ய?"

"தெரிஞ்சா அந்தப் படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதினீங்களா? பதினொரு வருசமா என்ட கையால வாங்கி வித்த மனிசன், தெரியும் எண்டு எழுத விரல் வரல்ல. பெட்டியத் திருப்ப மட்டும் ஓட்டோ வந்திச்சி."

கடிதத்தை வாங்கி வாசித்த வினோஜாவின் முகம் சிவந்தது. "அன்ரி, நான் கேள்விதான் கேட்டனான். எனக்குச் சாப்பிட ஏலுமா எண்டு பாக்கத்தான்."

"கேட்டது பிழையில்ல மகள். பக்கெட்டில என்ட நம்பர் இரிக்கி. என்னட்டக் கேட்டிருந்தா வாளியையே காட்டியிரிப்பன். நீ ஊரக் கேட்ட. ஊர் சொல்லிப்போட்டுது."

பிறகு ஜீவராஜின் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சீனி சங்கதியைச் சொன்னாள். "இந்த மூட்டையெல்லாம் எந்த ஆலையில செஞ்ச? உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை.

"படம் எடுத்து, இது சைவமா எண்டு நானும் ஒரு கேள்வி போடட்டா? கேள்விதானே!"

போன் அவள் கையில் இருந்தது. எழுதினால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இன்று அவளைத் திட்டியவர்களே நாளைக்கு இவன் கடைக்கு முன்னால் நிற்பார்கள். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது. அந்த ஆசைதான் அவளைப் பயப்படுத்தியது. போனைப் பைக்குள் போட்டாள்.

"நான் போட மாட்டன். ஆனா போட ஏலும் எண்டு நீங்க தெரிஞ்சிரிக்கணும்."

அன்றே வினோஜா பழைய பதிவை அழித்துவிட்டுக் கடிதத்தைப் போட்டாள். அதைப் பார்த்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. பின்னேரம் ஜீவராஜே வந்து, பெட்டிகளைத் திரும்ப ஏற்றிப் போகிறேன் என்றான்.

"இல்ல" என்றாள் ஜுனைதா.

ஐந்து பெட்டி சம்மாந்துறைச் சந்தையில் போனது. மிச்சம் கடற்காற்றில் நசநசத்து வீணானது. வேலைசெய்த பெண்கள் குளிர்த்திக் கிழமை முழுக்க வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். ஜீவராஜை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு எரிகிறது. சீனியைக் கல்முனைச் சந்தையில் வாங்குகிறாள். மூட்டையில் எழுதியிருக்கும் ஆலையின் பெயரைக் கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறாள்.